தேர்ப் படத்தில் பதினாலாம் நம்பர்

ஞானசம்பந்தம் சார்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பல வருசமாகச் சுமக்கிறேன், இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை. அவர் நல்ல மனுசர். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். யாரையும் குரல் உயர்த்திப் பேசியவர் இல்லை. ஆனால் தேரடியில் வாரியலோடு நின்ற ஒரு பொம்பளைக்கு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், மூதேவி என்று பேர் எழுதிவிட்டார். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடித்திருப்பார். அதற்குப் பிறகு அந்தப் பேரோடு தெருவில் நடந்தவள் அவள்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் துடைப்பத்துக்குப் பேர் வாரியல்.

தென்காசி சன்னதி பஜாரில் எனக்குக் கண்ணாடி பிரேம் கடை. வாப்பா வைத்த கடை. ஆறாம் வகுப்புப் பாதியில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து, கண்ணாடி வெட்டுகிற கட்டரைக் கையில் கொடுத்தார். முருகன் படம், லட்சுமி படம், மக்கா படம், கல்யாணப் படம் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் சுவருக்குப் போகும். அகமது கபீர் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரேம் பாய் என்றால் தெரியும்.

நான் சொல்கிற படம் உங்களில் பல பேர் வீட்டில் இருக்கும். புது வீட்டுப் பால்காய்ப்புக்கு என்ன கொடுப்பது என்று தெரியாதவர்கள் எல்லாம் வாங்கிக் கொடுப்பது அதைத்தான். கருப்பு மையில் கோடு கோடாக வரைந்த படம். கோயில் வாசல், கோபுரம், அதற்கு முன்னால் மாசித் தேர். கும்பகோணம் பக்கத்து ஓவியர் ஒருவர் வந்து, தேர் நிலைக்கு எதிரே மாடியில் ரூம் எடுத்துத் தங்கி வரைந்தது. அந்தக் காலத்துத் தென்காசியை வரைய வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதனால் படத்தில் கரண்டு கம்பி கிடையாது, பைக் கிடையாது, கடைகளுக்கு மேலே பிளக்ஸ் போர்டு கிடையாது. ஓட்டுக் கூரையும் குதிரை வண்டியும் போட்டிருப்பார். ஆனால் ஆட்கள் எல்லாம் நம் ஆட்கள். மாடியிலிருந்து பார்த்து வரைவார், இறங்கி வந்து ஆளாளுக்குப் பேர் கேட்டுக் குறித்துக்கொள்வார், மறுபடி ஏறிப் போவார்.

படத்தை அச்சடித்து விற்க வியாபாரிகள் சில பேர் சேர்ந்தார்கள். வெறும் படமாகப் போட்டால் சப்பென்று இருக்கும், கீழே விளக்கம் வேண்டும் என்றார்கள். ஞானசம்பந்தம் சாரைப் பிடித்தார்கள். அவர் சைவ சித்தாந்தம் படித்தவர். விடுவாரா? படத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, நம்பருக்கு ஒரு தத்துவம் எழுதிவிட்டார். தேர் நம் உடம்பு. வடம் பாசம். இழுக்கிற கூட்டம் உயிர்கள். யானை ஞானம். புலி வேசம் கட்டியவன் கோபம். பொய்க்கால் குதிரைக்காரன் ஆசை, ஏனென்றால் அவனுக்குச் சொந்தக் கால் தெரியாதாம். பலூன் விற்கிறவன் ஆணவம், ஊதினால் பெருக்கும் என்பதால். விளக்குத் தட்டு ஏந்தித் தேரைப் பார்த்து நிற்கிறவள் சீதேவி. படத்தின் வலது கடைசியில், அடி ஓரத்தில், கையில் வாரியலோடு தேருக்கு முதுகு காட்டி நிற்கிறவள் பதினாலாம் நம்பர். மூதேவி. ‘சீதேவி முன்னே வர, மூதேவி புறங்காட்டிப் போகிறாள்’ என்று அதற்கு ஒரு வரி.

என் கடையும் அதில் இருக்கிறது. போர்டில் ‘கண்ணாடி’ மட்டும் விழுந்திருக்கும். அதற்கும் நம்பர் உண்டு, மனச்சாட்சி. மனச்சாட்சி தினமும் ஒன்பது மணிக்குக் கடை திறந்து ஈ ஓட்டுகிறது.

பலூன்காரன் பரீது எங்கள் தெருக்காரன். அவனுக்கு அந்தப் படத்தால் ஒரே குசி. “ஏ, நான்தாம்லே ஆணவம், ஆணவத்துக்கிட்ட வந்து வாங்குங்கலே” என்று கூவிக்கூவியே விற்றான். அவனுக்கு அது விளையாட்டு. ஆணவம் என்று ஒருத்தனைச் சொன்னால் அவன் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். மூதேவி என்றால் எதை முறுக்குவது?

அவள் பேர் சண்முகசுந்தரி. நகராட்சிக்கு ஆள் விடுகிற காண்ட்ராக்டரிடம் கூட்டுகிற வேலை. ரத வீதி நாலும் அவள் வாரியலுக்குக் கீழேதான். புருசன் செங்கோட்டை தாண்டிப் புனலூர்ப் பக்கம் ரப்பர் பால் எடுக்கப் போனவன், ஒரு ஓணத்துக்கு வந்தான், அடுத்த ஓணத்துக்கு வரவில்லை. அங்கேயே ஒருத்தியோடு வீடு பார்த்துக்கொண்டான் என்று கேள்வி. அவள் தேடிப் போகவும் இல்லை, அழுது நான் பார்க்கவும் இல்லை. ஒரே மகள் ஜோதிலட்சுமி. கூட்டிக் கூட்டியே அவளைப் படிக்க வைத்து, லேபில் ரத்தம் எடுக்கிற வேலைக்கு அனுப்பினாள்.

காலையில் நான் கடை திறக்கும்போது அவள் வாசலைக் கூட்டி முடித்திருப்பாள். பட்டறைப் பலகையில் ஒரு சாயாவை வைத்துக்கொண்டு உட்காருவாள். வாய் ஓயாது. வாயைத் திறந்தால் மூதிதான். மாட்டைப் பார்த்தால் “தள்ளிப் போ மூதி.” போலீஸ்காரரைப் பார்த்தால் மெதுவாக, “இந்த மூதி வந்துட்டான்.” மகள் போன் பண்ணினால், “சாப்பிட்டியாட்டி மூதி?” எங்கள் ஊரில் அந்தச் சொல் பாதி வசவு, பாதி கொஞ்சல். எது எந்தப் பாதி என்பது குரலில் இருக்கிறது. பேப்பரில் எழுதினால் தெரியாது.

படம் அச்சாகி என் கடைக்குக் கட்டுக்கட்டாக வந்த அன்று அவளுக்குத்தான் முதலில் காட்டினேன். படத்தைத் தூக்கிப் பிடித்துத் தன்னைத் தேடினாள்.

“ஏ தம்பி, இந்தா நிக்கேன் பாரு நானு. முதுகைப் போட்டிருக்காரே மனுசன், மூஞ்சியப் போடாம.”

“நீ ஏன் தேருக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்ன?”

“பெறகு? காத்து கோபுரத்துக்கு உள்ள இருந்துல்லா வீசுது. காத்தப் பாத்துக்கிட்டு நின்னு கூட்டினா குப்பை பூராம் என் வாய்க்குள்ளதான் போவும்.”

கோயில் வாசல் காற்று எங்கள் ஊரில் எல்லாரும் அறிந்தது. கும்பிட வருகிறவர்களின் வேட்டியையே உருவிவிடும். அவள் சொன்னதில் தப்பில்லை. பிறகு படத்துக்கு அடியில் விரலை வைத்து, “எனக்கு நேரா என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள். அவளுக்குத் தன் பேரை எழுதத் தெரியும், அவ்வளவுதான்.

வாசித்தேன்.

“மூதின்னா போட்டிருக்கு?”

“மூதின்னு இல்லக்கா. மூதேவின்னு.”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“எனக்கு எங்கன தெரியும்? நான் பள்ளிவாசலுக்குப் போறவன். உங்க சீதேவி மூதேவி கணக்கு எனக்கு என்ன தெரியும்.”

சாயாவைக் குடித்து முடித்தாள். வழக்கமாக டம்ளரைக் கழுவி வைப்பாள். அன்று அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

சொல் பரவ எவ்வளவு நேரமாகும்? முதலில் சின்னப் பிள்ளைகள் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சிரித்தார்கள். பிறகு பூக்கடைக்காரி விளையாட்டாக ஆரம்பித்தாள். “ஏ மூதேவி, போணி ஆவட்டும், அப்புறமா இந்தப் பக்கம் வா.” இவள் சும்மா விடவில்லை. “நான் கூட்டலைன்னா நாத்தத்துல உன் கடைக்கு எவண்டி வருவான், மூதி!” இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாளும் பூக்கடைக்காரி அதையே சொன்னாள். அதற்கடுத்த நாள் பாத்திரக்கடை, அப்புறம் ஜவுளிக்கடை. முதல் போணிக்கு முன்னால் அவள் வாசலில் நிற்கக் கூடாது என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆரம்பித்தவள்கூட அது விளையாட்டு என்பதை மறந்துவிட்டாள். இவளும் பதில் சொல்வதை விட்டுவிட்டாள். கடை திறப்பதற்கு முன்பே அந்த வரிசையைக் கூட்டி முடிப்பதற்காக இன்னும் இருட்டில் வர ஆரம்பித்தாள்.

சாரல் சீசனில் காண்ட்ராக்டர் கூட்டுகிற ஆட்களைக் குற்றாலத்துக்கு அனுப்புவார். ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாட்டில், ஈரத்துண்டு, மிளகாய் பஜ்ஜி சுற்றின பேப்பர் என்று அருவிக்கு வருகிற சனம் போடுகிற குப்பைக்கு அளவு கிடையாது. அங்கே ஒரு லாட்ஜில் இந்தப் படத்தைப் பெரிசாகப் போட்டு வரவேற்பில் மாட்டியிருந்தார்கள். ஒரு ஆனி மாசம் அதில் கண்ணாடி விரிந்துபோனது என்று கூப்பிட்டார்கள். நான் போய் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியில் சுந்தரியக்கா ஈர இலைகளை வாரிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ரூம் கேட்டு வந்த குடும்பத்துக்குப் படத்தை விளக்கிக்கொண்டிருந்தார். யானை, புலி, பலூன் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஏதோ ஐந்தருவியைக் காட்டுகிற மாதிரி வாசலைக் காட்டினார்.

“அந்தா கூட்டுதாங்கல்ல, அவங்கதான் இந்த மூதேவி. ஒரிஜினல்.”

அந்தக் குடும்பத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வெளியே ஓடினார்கள். “அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” கெட்டவர்கள் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒரு பெண் பிள்ளை அவள் தோளில் கைகூடப் போட்டது. “துடைப்பத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா. முதுகைக் காட்டி நின்னு திரும்பிப் பாருங்க. ஆங், சிரிங்க.”

நான் ஏணிமேல் நின்றுகொண்டு, “ஏலே போதும், வேலை செய்யுத பொம்பளைய விடுங்கலே” என்று கத்தினேன். மேனேஜர், “பாய், நீங்க கண்ணாடியப் பாருங்க” என்றார்.

திரும்புகையில் டவுன் பஸ்சில் எனக்கு முன் சீட்டில் இருந்தாள். தலை நனைந்திருந்தது. இலஞ்சி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சேன் தம்பி” என்றாள். அவ்வளவுதான். தென்காசியில் இறங்கிக் கொண்டாள்.

அதற்குப் பிறகு வருசங்கள் போயின. முழங்கால் வலி வந்தது. மூச்சு வாங்கியது. ஆனால் மகள் விசயம் நன்றாக அமைந்தது. ஜோதிலட்சுமிக்கு ஆலங்குளத்துப் பையன், ரவி. பைனான்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. தங்கமான பிள்ளை. இரண்டு பேரும் லோன் போட்டுக் குத்துக்கல்வலசையில் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டின நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டுக் கதைதான். நிலைக்கு வேம்பா தேக்கா, அடுப்படி எந்த மூலை, எல்லாம் சாயாவோடு என் பட்டறையில்தான் முடிவானது. “என் கட்டிலு ஜன்னலோரம் போடச் சொல்லியிருக்கேன் தம்பி. மலை தெரியும். வாரியலத் தூக்கிப் போட்டுட்டு அங்கன போய்ப் படுத்துருவேன்.”

பால்காய்ப்புக்கு நாலு நாள் இருக்கும்போது ரவியின் மேனேஜர், வெளியூர்க்காரர், வர முடியாது என்று பரிசை முன்கூட்டியே கொடுத்தனுப்பினார். தேர்ப் படம். என் கடைச் சரக்குதான், யாரோ ஆள் வந்து வாங்கிப் போயிருக்கிறான். ரவிக்குச் சந்தோசம், கூடத்தில் நட்ட நடுவில் ஆணி அடித்து மாட்டிவிட்டான். அவனுடைய அம்மா, ஆலங்குளத்துச் சம்பந்தியம்மாள், வாசிக்கத் தெரிந்தவள். ஒவ்வொரு நம்பராகப் படித்துக்கொண்டே வந்தாளாம்.

“ஏ ரவி, புது வீட்டுல மூதேவியக் கொண்டு வந்து வச்சிருக்கியேலே!”

கொத்தனார் உள்ளூர்க்காரன். அவன் பூசிக்கொண்டே சொல்லியிருக்கிறான். “அது வேற யாருமில்ல ஆச்சி. உங்க சம்பந்திதான்.”

சம்பந்தியம்மாள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லையாம். அதுதான் மோசம். ஏதாவது பேசியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

மறுநாள் சுந்தரியக்கா என் கடைக்கு வந்தாள். சாயா வேண்டாம் என்றாள்.

“அந்தப் படம் தொங்குத வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன் தம்பி.”

“கழத்தி வைக்கச் சொல்லுக்கா.”

“மருமவனோட மேனேஜரு குடுத்தது. அவரு என்னைக்காவது வந்து எங்கன்னு கேட்டா? பிள்ளைகளுக்குச் சங்கடம். கிடக்கட்டும். தெருவுல மூதேவியா நின்னேன், சரி. பெத்த பிள்ளை வீட்டுலயும் போய், சுவத்துல ஒருத்தி கட்டில்ல ஒருத்தியா நிக்கணுமா?”

பால்காய்ப்புக்கு அவள் போகவில்லை. வேலை என்று சொல்லிவிட்டாள். மகள் வீட்டில் பால் பொங்குகிற நேரம் அவள் ரத வீதியில்தான் இருந்தாள். நான் பார்த்தேன். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராக ஞானசம்பந்தம் சார் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி ஷமீம் பானு, “உங்களுக்கு எதுக்கு இந்த மூதேவிப் பஞ்சாயத்து” என்றாள். போனேன். சாருக்குக் கண் ஆபரேசன் முடிந்திருந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, தலையை அண்ணாந்து, கண்ணை மூடியபடி ஈசிசேரில் கிடந்தார். அதே மாதிரி கிடந்தே பேசினார்.

“யாரு, பாயா? சத்தத்துலயே தெரியுது. உக்காருங்க.”

சொன்னேன். வீடு, பால்காய்ப்பு, போணி, லாட்ஜ் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மூதேவின்னா இழிவுன்னு யாரு சொன்னது பாய்? மூத்த தேவி. ஜேஷ்டை. லட்சுமிக்கு அக்கா. அந்தக் காலத்துல ராஜாக்களே செலை வச்சிக் கும்பிட்டிருக்காங்க.”

“அது இருக்கட்டும் சார். நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நான் எதுக்குக் கேக்கணும்? ஓவியரே பேரு எழுதித்தான் கொடுத்தாரு. ஒவ்வொரு ஆளுக்கும் நேரா அவரு கைப்பட. பலூன் பரீதுன்னு எழுதியிருந்தாரு, நான் ஆணவம்னு விளக்கம் எழுதினேன். இந்த அம்மாவுக்கு நேரா மூதேவின்னே எழுதியிருந்தாரு. அந்த அம்மாவே சொன்னதா எங்கிட்ட சொன்னாரு. நானும் நினைச்சேன், ஏதோ வேசம் போல இருக்குன்னு.”

கண்ணிலிருந்து மருந்து வழிந்து காதுவரை போயிருந்தது. துடைக்காமல் இருந்தார்.

“அடுத்த தடவை அச்சடிச்சா மாத்திரலாம்” என்றார். பிறகு அவரே, “ஆனா போட்டவங்க எல்லாம் பிரிஞ்சு போயாச்சே பாய். இப்ப எவன் எவனோ அடிச்சு விக்கான். யாருகிட்டச் சொல்ல?” என்றார்.

மறுநாள் அவளிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். “யக்கா, அந்த ஓவியர்கிட்ட நீ என்ன சொல்லித் தொலைச்ச?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவளுக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் தெரிந்தது.

“பேரென்னம்மான்னு கேட்டாரு. எங்க அம்மை மூதின்னுதான் கூப்பிடுவா, அதையே எழுதிக்கிடுங்கன்னேன். பக்கத்துல ரெண்டு பிள்ளைகள் நின்னுச்சி. சிரிச்சிக்கிட்டுதான் தம்பி சொன்னேன். அவங்க ஊர்ல மூதி கிடையாது போல.”

“ஏ, சண்முகசுந்தரின்னு நல்ல பேரு இருக்குல்லா, அதைச் சொல்றதுக்கு என்ன?”

“கையில வாரியல வச்சிக்கிட்டு சுந்தரின்னு சொல்ல வெக்கமா இருந்திச்சி.”

நான் பிரேமுக்கு ஆணி அடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஓவியர்மேல் கோபப்பட முடியவில்லை. அவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே முகம்தான். அவள் வாயில் வந்தது குறுக்கல் என்று நினைத்து, மரியாதையாக முழுசாக எழுதியிருக்கிறார். இத்தனைக்குப் பிறகும் சார்மேல் இருந்த என் மனத்தாங்கல் மட்டும் ஏனோ போகவில்லை. மாடியிறங்கி வந்து பேர் கேட்ட ஆள் வெளியூர்க்காரர். இவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். மூதி தெரிந்தவர்.

சார் சொன்ன ஜேஷ்டை சமாசாரத்தையும் அவளிடம் சொல்லி வைத்தேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

“ராஜா கும்பிட்ட சாமியா? அப்படின்னா அந்த சார் வீட்டம்மா கையில வாரியலக் குடுத்து நிக்கச் சொல்லு. ராஜா வந்து கும்பிடட்டும்” என்றாள். அன்றைக்குத்தான் கடைசியாக அவள் வாய் பழைய மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ஜோதிலட்சுமி ஆட்டோவில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு யோசனை இருந்தது.

“மாமா, படத்தை எடுக்க முடியாது. கீழ இருக்க எழுத்த மட்டும் மறைச்சித் தாங்க. எழுத்து இல்லன்னா அது வெறும் படம்தான். அம்மையக் கூட்டிட்டு வந்துருவேன்.”

மறைக்கலாம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை ஒன்று வைப்போம். மவுண்ட் என்பது அதுதான். ஜன்னலுக்குள் இருக்கிறது தெரியும், வெளியில் இருக்கிறது அட்டைக்கு அடியில் போய்விடும். ஆனால் இந்தப் படத்தில் ஒரு சங்கடம். எழுத்து படத்தோடு ஒட்டிக்கொண்டே ஆரம்பிக்கும், இடைவெளி கிடையாது. அதிலும் சுந்தரியக்கா அடி ஓரத்தில் நிற்கிறாள், அவள் பேரும் அவள் பாதத்தை ஒட்டியே, கெண்டைக்கால் உயரத்துக்கு ஏறி நிற்கிறது. அட்டையின் விளிம்பு எழுத்துக்குச் சரியாக மேலே உட்கார வேண்டும் என்றால், அவள் கெண்டைக்கால்மேல்தான் விழும். மயிரிழை இறங்கினால் ‘மூதேவி’யின் தலை எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று விதமாக வைத்துப் பார்த்தேன். ஜோதிலட்சுமி, “போகட்டும் மாமா, கால யாரு பாக்கப் போறா, வெட்டுங்க” என்றாள். வெட்டினேன். சந்தன நிற அட்டை. பார்க்க முன்னைவிட அழகாகத்தான் இருந்தது.

படம் சுவருக்குத் திரும்பிப் போனது. ஆனாலும் அவள் போகவில்லை. மகள் வந்து கூப்பிட்டாள், மருமகன் வந்து கூப்பிட்டான். “வாரேன், வாரேன்” என்பாள். “சம்பந்தியம்மா ஊருக்குப் போவட்டும்” என்பாள். சம்பந்தியம்மாள் ஊருக்குப் போய் வெகு நாளாகியிருந்தது. எழுத்தை மறைத்தாயிற்று என்று நானும் சொன்னேன். “மறைச்சா? வாசிச்சவ மறந்துருவாளா தம்பி?” என்றாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. அதோடேயே இரண்டு நாள் ரத வீதியைக் கூட்டி, மூன்றாம் நாள் என் கடைக்கு முன்னால் வாரியலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. நானும் பரீதும் ஆட்டோ பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விடும்போது ஜோதிலட்சுமி கேள்வியே கேட்கவில்லை. ஆட்டோவை நேராகக் குத்துக்கல்வலசைக்கு விடச் சொல்லிவிட்டாள். மாட்டேன் என்று சொல்ல இவளுக்கும் தெம்பில்லை. வாசற்படியில் மருமகன் தூக்கித்தான் இறக்கினான். கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லை ஒரு வகையில் அவள் மீறவே இல்லை.

நான் பார்க்கப் போனேன். ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டில் ஜன்னலோரம் போட்டிருந்தது. மலை மேகத்துக்குள் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அவள் மறுபக்கமாகத்தான் படுத்திருந்தாள், கூடத்துச் சுவரைப் பார்த்து. நேர் எதிரே படம். சம்பந்தியம்மாள் வந்திருந்தாள், அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் என்ன பேச்சு நடந்தது, நடந்ததா என்றே எனக்குத் தெரியாது. கஞ்சி ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“உக்காரு தம்பி” என்றாள். குரல் இல்லை, காற்றுதான்.

“எப்படி இருக்கு?”

“இருக்கு.”

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். என் கை வேலை, அதனால் விளிம்பு நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

“தம்பி, அதுல எனக்குக் காலு இல்லையே.”

“எழுத்த மறைக்கணும்னா அங்கனதாங்கா வெட்டணும். வேற வழியில்ல.”

“எல்லாவனுக்கும் காலு இருக்கு. பரீதுக்கு இருக்கு. யானைக்கு நாலும் இருக்கு. நான் ஒருத்திதான் காலு இல்லாம அந்தரத்துல கூட்டிக்கிட்டு இருக்கேன். காலையில இருந்து பாத்துக்கிட்டே கிடக்கேன், எனக்கே தல சுத்துது.”

“அட்டையக் கீழ இறக்கினா பேரு தெரியுங்கா.”

அவள் மூச்சு வாங்கினாள். வாங்கி முடிக்கிறவரை காத்திருந்தேன். அதற்கு ஐந்தாம் நாள் அவளை எடுத்தோம், நானும் தோள் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. மூச்சு வாங்குகிற ஒரு பொம்பளை அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.

“தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. படிக்கவன் படிக்கட்டும், எனக்கு அலுத்துப் போச்சி தம்பி. நான் அங்கன பொழுதன்னைக்கும் நின்னவ. நாளைக்கு வரும்போது கட்டரக் கொண்டாந்து, என் காலு தெரியுத மாதிரி அந்த அட்டைய இறக்கி வெட்டிக் குடுத்துட்டுப் போ, மூதி.”